தூசியிலிருந்து மருந்துக்கு: எக்ஸோசோம் வியாபாரம்

"செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன" என்று ஆரம்பிக்கும் அறிவியல் கட்டுரைகளை மேலே வாசிப்பதில்லை என்று கொஞ்ச காலமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அடுத்த பத்தியில் ஒரு தபால்காரர் வருவார் என்று தெரியும். செல் ஒரு கடிதம் எழுதும், உறையில் போட்டு ஒட்டும், பக்கத்துச் செல்லுக்கு அனுப்பும். எழுதுபவர் கொஞ்சம் இளையவர் என்றால் தபால்காரருக்குப் பதில் கூரியர் பையன். இன்னும் இளையவர் என்றால் வாட்ஸ்அப். உறையின் பெயர் எக்ஸோசோம். இந்த உறைகளை நாமே தயாரித்து அனுப்பிக் கல்லீரல் முதல் மூளை வரை சரிசெய்யும் நாள் தொலைவில் இல்லை என்று கட்டுரை முடியும்.

தொலைவில் இல்லைதான். அதே போனில் அடுத்த விளம்பரமாக வந்து நிற்கிறது. டிரிப் ஏற்றுகிறார்கள், முகத்தில் தடவுகிறார்கள், மூட்டில் குத்துகிறார்கள். ஃபேட்டி லிவருக்கும் உண்டாம்.

உவமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உவமை இல்லாமல் அறிவியல் எழுத முடியாது. ஆனால் இந்த ஒரு உவமை மூன்று கேள்விகளை வாசகன் மறந்துபோகும்படி செய்துவிடுகிறது: அனுப்பியது யார், உள்ளே இருப்பது என்ன, எத்தனை வந்தது? கல்லீரல் தழும்பேறும் நோயில், அதாவது ஃபைப்ரோசிஸில், இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலைப் பொறுத்து அதே பை நோயாகவும் இருக்கலாம், குணமாகவும் இருக்கலாம். அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு "செய்தி" என்று மட்டும் சொல்வது விற்பவனுக்குச் செய்யும் உதவி. அதைத் தமிழில் அறிவியல் எழுதும் நாம் நிறையவே செய்துகொண்டிருக்கிறோம்.

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனுக்குக் கல்லீரலில் என்ன வேலை என்று கேட்கலாம். சிக்னல், பாக்கெட், கார்கோ, டெலிவரி எல்லாம் எங்கள் தொழிலின் சரக்கு. உயிரியல்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். இரவல் போன பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் உரிமை எனக்கு உண்டு. அது போக, நோயும் எங்களுடையதுதான். ஹைதராபாத்தில் 345 ஐ.டி. ஊழியர்களைச் சோதித்து 2025-ல் வெளியான ஆய்வு, அவர்களில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கூடுதல் கொழுப்பு இருப்பதாகச் சொன்னது. ஒரே நகரம், சிறிய எண்ணிக்கை என்று கழித்துக்கொண்டாலும் மிச்சம் இருப்பது பயமுறுத்தப் போதும். எங்கள் டீமில் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டைப் பிரித்தால் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்ற வரி இல்லாதவன்தான் ஆச்சரியம்.

சரி, பொருளுக்கு வருவோம். ஏறக்குறைய எல்லாச் செல்களும் சவ்வால் மூடிய மிகச் சிறிய பைகளை வெளியே விடுகின்றன. சிறியவை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். சில செல்லுக்குள்ளேயே உருவாகி வெளியே தள்ளப்படுபவை. எக்ஸோசோம் என்ற பெயர் நியாயமாக இவற்றுக்கு மட்டும்தான். சில செல்லின் மேல்தோலிலிருந்து மொட்டுவிட்டுப் பிரிபவை. சாகும் செல் உடையும்போது வருபவை இன்னும் பெரியவை. ரத்தத்தில் வந்து கலந்தபின் எது எந்த வழியில் வந்தது என்று பிரிப்பது மிகக் கடினம். அதனால்தான் இந்தத் துறைக்கான சர்வதேசச் சங்கமே, பிறந்த இடத்தை நிரூபிக்க முடியாதவரை எக்ஸோசோம் என்று எழுதாதீர்கள், செல்வெளி நுண்பை என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்துங்கள் என்று தன் வழிகாட்டு நெறிகளில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. ஆராய்ச்சியாளர்களே தயங்கும் சொல்லை கிளினிக் போர்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் நுண்பை என்றே எழுதுகிறேன்.

இவற்றின் பெயர்க்கதை சுவாரஸ்யமானது. 1946-ல் எர்வின் சார்காஃப் (டி.என்.ஏ.வில் காரங்களின் விகிதத்தைக் கண்டுபிடித்த அதே சார்காஃப்தான்) ரத்த உறைவை ஆராயும்போது, அதிவேகத்தில் சுழற்றிய பிளாஸ்மாவின் அடியில் தங்கும் ஏதோ ஒன்று உறைவைத் தூண்டுவதைப் பார்த்தார். 1967-ல் பீட்டர் வுல்ஃப் அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து "பிளேட்லெட் தூசி" என்றார். 1983-ல் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவும் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழுவும், முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தங்களுக்கு இனித் தேவைப்படாத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைப் பைகளில் கட்டி வெளியே எறிவதைக் கண்டார்கள். தூசி, குப்பை ஆனது. 1996-ல் பி செல்கள் விடும் பைகள் டி செல்களைத் தூண்டுகின்றன என்று கிராசா ரபோசோ காட்டினார். 2007-ல் ஸ்வீடனில் வலாடியும் லோட்வாலும் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் புரதமாகவும் படிக்கப்படுகிறது என்றார்கள். குப்பை, கடிதம் ஆனது.

இந்தப் பெயர்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது. கடிதத்திலிருந்து மருந்துக்குத் தாவிய கடைசி மாற்றத்துக்குப் பின்னால் கிளினிக்கில் இருப்பது ஒரு ரேட் கார்டு.

கல்லீரலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். கல்லீரல் செல் வரிசைக்கும் ரத்தம் ஓடும் நுண்குழாய்க்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் குடியிருப்பவை நட்சத்திர செல்கள். 1876-ல் கார்ல் வான் குப்ஃபர் இவற்றைப் பார்த்துப் பெயரிட்டார். அப்புறம் குழப்பமாகி, இவை யார், என்ன செய்கின்றன என்பது ஜப்பானில் கென்ஜிரோ வாகே 1971-ல் தெளிவுபடுத்தும்வரை ஒரு நூற்றாண்டு இழுத்தது. சாதாரண நாட்களில் இவை சாது. உடம்பின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதியைக் கொழுப்புத் துளிகளாகத் தனக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கல்லீரல் அடிபட்டால் அந்தத் துளிகளை இழந்து, சுருங்கி விரியும் தசைத்தன்மையும் நார் நெய்யும் வெறியும் கொண்ட வேறொரு செல்லாக மாறிவிடும். கொலாஜனைக் கொட்டும். கையில் வெட்டுப்பட்டால் தழும்பு வருகிறதே, அதே வேலை. ஒரு வித்தியாசம், இங்கே வெட்டு நிற்பதில்லை. தினமும் கொழுப்பு, தினமும் சர்க்கரை, அல்லது தினமும் சாராயம், அல்லது வைரஸ். நிற்காத காயத்துக்கு நிற்காத தழும்பு. அதுதான் ஃபைப்ரோசிஸ். முற்றினால் சிரோசிஸ்.

நட்சத்திர செல்லை உசுப்புவது யார்? டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற கரையும் புரதங்கள் பல ஆண்டுகளாகத் தெரிந்த குற்றவாளிகள். நுண்பைகள் பட்டியலில் பின்னால் சேர்ந்தவை. மயோ கிளினிக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு அமிலத்தால் திணறும் கல்லீரல் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக நுண்பைகளை விடுகின்றன. அந்தப் பைகளின் மேல் டிரெயில் என்ற புரதம் இருக்கிறது, அது பக்கத்திலிருக்கும் மேக்ரோஃபேஜ்களை அழற்சிக்குத் தூண்டுகிறது. பை உருவாவதைத் தடுக்கும் மருந்தை எலிக்குக் கொடுத்தால் அழற்சியும் தழும்பும் குறைகின்றன. சான் டியாகோவில் ஃபெல்ட்ஸ்டைன் குழு 2015-ல் காட்டியது இன்னும் நேரடியானது. கொழுப்பில் திணறும் செல்லின் பைகள் நட்சத்திர செல்லுக்குள் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொண்டுபோய், அதைச் சாதுவாக வைத்திருக்கும் பிபார்-காமா என்ற புரதத்தை அடக்குகின்றன. ஒஹையோவில் பிரிக்ஸ்டாக் குழு 2014-ல், உசுப்பப்பட்ட ஒரு நட்சத்திர செல் நார்வளர்ச்சிப் புரதம் ஒன்றைப் பையில் வைத்து அடுத்த நட்சத்திர செல்லுக்குக் கடத்துவதைக் காட்டியது.

கவனியுங்கள், இங்கே பை கொண்டுபோவது நெருப்பை. எக்ஸோசோம் என்றாலே குணம் என்று போர்டு வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என் கட்சிக்கு மிக நல்ல சாட்சி அதே ஒஹையோ குழுவின் 2018 ஆய்வு. ஆரோக்கியமான எலியின் சீரத்திலிருந்து எடுத்த நுண்பைகளைத் தழும்பேறிய எலிக்குச் செலுத்தினார்கள். தழும்பு குறைந்தது. தழும்பேறிய எலியிடமிருந்து எடுத்த நுண்பைகளைச் செலுத்தினார்கள். குறையவில்லை. அளவு ஒன்றுதான், பிரித்தெடுத்த முறை ஒன்றுதான், பார்வைக்கும் அவை நுண்பைகள்தான். மாறியது அனுப்பியவர் மட்டும். ஆகவே நுண்பை ஒரு மருந்தின் பெயரல்ல, பாத்திரத்தின் பெயர். "பாத்திரம் நல்லது, ஐந்து பாத்திரம் ஏற்றினால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்?

என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பருக்கு முப்பத்தெட்டு வயது, குடிப்பழக்கம் இல்லை. ஃபைப்ரோஸ்கேனில் 9.6 கிலோபாஸ்கல் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவில் என்று டாக்டர் சொன்னார். வெயிட்டைக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க. நாலு நிமிஷத்தில் முடிந்தது. அடுத்த வாரம் ஒரு கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துப் படம் வரைந்து விளக்கினார்கள். தொப்புள்கொடி ஸ்டெம் செல்லின் எக்ஸோசோம், ஐந்து டிரிப், ஒவ்வொன்றும் லட்சத்தைத் தாண்டும். கேன்டீனில் என்னிடம் சொன்னார்: "மச்சி, இது ஸ்டெம் செல்லே இல்லையாம். அதோட மெசேஜ் மட்டும்தானாம். வெறும் மெசேஜ்தானே, அதனால சைடு எஃபெக்டே கிடையாதாம்."

உவமை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். செய்திக்கு எடை கிடையாது, கெட்டுப்போகாது, கிருமி தொற்றாது. உண்மையில் ஊசியில் இருப்பது செல்களை வளர்த்த திரவத்திலிருந்து பிரித்த ஒரு உயிரியல் பொருள். அதில் கிருமி இருக்கலாம், வளர்ப்பு ஊடகத்தின் எச்சம் இருக்கலாம். 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விட்டது சும்மா இல்லை. எக்ஸோசோம் என்று சொல்லி விற்ற அனுமதியற்ற பொருளை ஏற்றிக்கொண்ட நெப்ராஸ்கா நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்புகள் வந்திருந்தன. தாங்கள் அனுமதித்த எக்ஸோசோம் தயாரிப்பு ஒன்றுகூட இல்லை என்றும் அதில் தெளிவாகச் சொன்னார்கள். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள், அங்கீகரிக்கப்பட்ட சில ரத்த நோய்களைத் தவிர வேறெதற்கும் ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது அறமல்ல என்கின்றன. "இது செல்லே இல்லை, மெசேஜ்" என்ற வசனம் அந்த வேலியைத் தாண்டக் கண்டுபிடித்த ஏணி.

கிளினிக் கொடுத்த பிரசுரத்தில் ஒரு ஆய்வைக் காட்டியிருந்தார்கள். சீனாவின் ஜியாங்சு பல்கலைக்கழகத்திலிருந்து 2013-ல் வந்தது. தொப்புள்கொடி ஸ்டெம் செல்லின் நுண்பைகள் எலிகளின் கல்லீரல் தழும்பைக் குறைத்தன. நேர்மையான தொடக்க ஆய்வு, ஒப்பிட வேறு எலிகளும் இருந்தன, வித்தியாசம் வித்தியாசம்தான். ஆனால் அந்த எலிகளுக்குத் தழும்பு வந்தது கார்பன் டெட்ராகுளோரைடு என்ற விஷத்தால். அதைக் கொடுப்பதை நிறுத்தினாலே எலியின் கல்லீரல் பெருமளவு தானாகத் தேறும். 2012-ல் வந்த ஆய்வொன்றில், விஷத்தை நிறுத்தியபின் நார் நெய்யும் செல்களில் ஏறக்குறைய பாதி மறுபடி அமைதி நிலைக்குத் திரும்பின. என் நண்பருக்கு யார் விஷத்தை நிறுத்தினார்கள்? டிரிப் ஏற்றிக்கொண்டு அதே நாற்காலி, அதே இரவு பதினோரு மணி பரோட்டா. எரிகிற அடுப்பின் மேல் தண்ணீர் தெளிப்பதை அடுப்பை அணைப்பது என்று விற்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம். "ஒரு குப்பியில் இத்தனை நூறு கோடி எக்ஸோசோம்" என்கிறார்கள். எண்ணும் கருவி எண்ணுவது துகள்களை. துகள் நுண்பையா, புரதக் கட்டியா, ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் அதில் மிக ஏராளமாக இருக்கும் கொழுப்புப்புரத உருண்டையா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. போகட்டும், எல்லாமே நுண்பை என்றே வைத்துக்கொள்வோம். 2014-ல் சியாட்டிலில் ஒரு குழு நுண்பைகளையும் அவற்றிலிருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் எண்ணி வகுத்துப் பார்த்தது. நிறையக் கிடைக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரே ஒரு பிரதி வேண்டும் என்றாலும் சராசரியாக நூறு பைகளுக்கு மேல் திறக்க வேண்டும். நூறு கூரியர் வண்டி வந்தால் ஒன்றில் கடிதம்! வந்த பையிலும் பெரும்பாலானவை செல்லால் விழுங்கப்பட்டுச் செரிக்கப்படுகின்றன, பிரித்துப் படிக்கப்படுவதில்லை. பைகளுக்கு விளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேற்பரப்பிலுள்ள புரதங்கள், கொழுப்புகள் தொட்ட மாத்திரத்தில் வேலை செய்யலாம். மேலே சொன்ன டிரெயில் அப்படிப்பட்டதுதான். ஆனால் அதைக் "கடிதம்" என்று சொல்ல முடியாது, "அடி" என்றுதான் சொல்ல வேண்டும்.

ரத்தத்தில் செலுத்திய நுண்பைகள் எலிகளில் சில நிமிடங்களிலேயே மறைந்துவிடுகின்றன. பெரும்பகுதி போய்ச்சேரும் இடம் கல்லீரலும் மண்ணீரலும். இதைக் கேட்டதும் விற்பவர் துள்ளிக் குதிப்பார்: பாத்தீங்களா சார், நேரா லிவருக்கே போகுது! போகிறதுதான். அங்கே ரத்தத்தை வடிகட்டிக் குப்பை பொறுக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. ஊரிலுள்ள எல்லாக் கவரும் கடைசியில் கொடுங்கையூருக்குப் போகிறது என்பதால் அந்த விலாசத்துக்கு எழுதப்பட்டது என்று ஆகாது.

விற்பவரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவருக்கு வசனம் எழுதிக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்தத் துறையின் மதிப்பாய்வுக் கட்டுரைகள் பத்தை அடுத்தடுத்து வாசித்தால் கடைசி வரி ஒன்றுதான்: "நம்பிக்கையளிக்கும், செல் இல்லாத புதிய சிகிச்சை". முப்பது பக்கம் எச்சரிக்கையாக எழுதியவர்கள் முப்பத்தோராம் பக்கத்தில் நிதி கேட்கும் குரலுக்கு மாறுகிறார்கள். அந்த வரியை நாம் தமிழில் மொழிபெயர்க்கிறோம். நான்கு நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் டாக்டருக்கும் இதில் பங்கு உண்டு. என் நண்பர் பணத்தைக் கொடுக்கத் துணிந்தது எக்ஸோசோமை நம்பி அல்ல, ஒன்றரை மணி நேரம் ஒருவர் தன்னிடம் பேசினார் என்பதால்.

உண்மையில் பலனளிப்பது என்ன? இதற்கு எண்கள் இருக்கின்றன, அவை அழகாக இல்லை. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் உணவும் நடையுமாகப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தைத் தொட்டவர்கள் மொத்தம் 29 பேர்தான். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம், கொழுப்புக் கல்லீரல் அழற்சியில் தழும்புக்கென வந்த முதல் மருந்து. 966 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் அதிக டோஸ் எடுத்தவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு கட்டமாவது குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 14 சதவீதம். 2025 ஆகஸ்டில் செமக்ளூடைடும் அனுமதி பெற்றது.

அந்த 14-ஐ ஒரு நிமிடம் பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரையைத் தின்றவர்களில் ஏழில் ஒருவருக்குத் தழும்பு குறைந்திருக்கிறது. கிளினிக் நூறு பேருக்கு உப்புத் தண்ணீர் ஏற்றினாலும் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணீர் மல்க வீடியோவில் பேசுவார்கள், பொய்யே சொல்லாமல். நண்பரிடம் இதைச் சொன்னேன். கிளினிக்கில் போய் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சோதித்தது, வெறும் டிரிப் ஏற்றிய எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்கள்? "அது ப்ரொப்ரைட்டரி சார்" என்று பதில் வந்ததாம். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நண்பர் பணம் கட்டவில்லை. மாலையில் நடக்கிறார். எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது, அவருக்குத் தேவை ஒன்பது. தழும்பு இரண்டாம் மூன்றாம் கட்டத்தில் இருக்கும்வரைதான் திரும்பி வருவது ஓரளவு சுலபம், அந்த வருடங்களைத்தான் இந்த கிளினிக்குகள் தின்கின்றன.

நுண்பைகளை வைத்து நாளைக்கே கல்லீரல் நோயாளிக்கு உதவக்கூடிய வேலை வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை. இன்றும் தழும்பை உறுதிசெய்ய ஊசியால் கல்லீரலில் ஒரு துண்டு எடுக்கிறார்கள். அந்தத் துண்டு மொத்தக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. பக்கத்து இடத்தில் குத்தியிருந்தால் வேறு முடிவு வரலாம். திணறும் கல்லீரல் செல் தன் அடையாளத்தோடு நுண்பைகளை ரத்தத்தில் விடுகிறது என்றால், கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலேயே எந்தச் செல் திணறுகிறது, எவ்வளவு என்று படிக்க முடியலாம். அதற்கு அனுப்பியவர் யார், உள்ளே என்ன, எத்தனை என்ற மூன்றையும் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும், அதனால்தான் மெதுவாக நடக்கிறது. மருத்துவமனைகளுக்கு இடையே ஒரே முடிவு வரவில்லை, பிரிக்கும் முறைகள் வேறு வேறு. அந்தப் பரிசோதனை ஒழுங்காக வந்த அன்று, என் கிரேடு 1 ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நானும் வரிசையில் நிற்பேன்.